அம்மா அழுத வீடு

மாமி வீட்டு யன்னலுக்குப் பச்சை நிறம். எங்கள் வாசற்படலைக்கு நேரெதிரே, ஒழுங்கையின் அந்தப் பக்கம் இருக்கிறது. கொரோனாக் காலத்தில், அப்பா போய்விட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் சொன்னதும் அம்மா படலையடிக்கு ஓடிப்போய்த் தலையில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த யன்னல் ஒரு சாண் திறந்தது. "மச்சாள், சத்தம் போடாதேங்கோ. சனத்துக்குத் தெரிஞ்சால் எங்களையும் சேர்த்து அடைச்சுப்போடுவாங்கள்" என்றார் மாமி. யன்னல் சாத்திக்கொண்டது. அம்மாவும் வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

மாமி அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. பருத்தித்துறையில் எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் முதல் குரல் அவருடையதுதான். முகம் தெரியாத தூரத்து உறவுக்குக்கூட, நெஞ்சில் அடித்து அடித்து ஒப்பாரி சொல்வார். நோய்க்குப் பயந்து வராமல் இருந்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவின் உடுப்புப் பையைத் தொட எனக்கே பயமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வராமலே, மூடிய பெட்டியோடு எரிந்துபோன மனிதருக்கு மிச்சம் இருந்தது அம்மாவின் அழுகை மட்டும்தான். அதையும் அல்லவா மாமி நிறுத்தினார்!

அதன் பிறகு அம்மா அழவேயில்லை. தோல் வெடிக்கும்வரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். யாராவது படலையைத் திறந்தால் அறைக்குள் போய்விடுவார். ஊரடங்கு எடுபட்டது, பஸ் ஓடியது, கோயில் கொடியேறியது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் எதுவும் எடுபடவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா நல்ல மனுசி. குளிசை தந்து, மனதில் கிடப்பதை யாரிடமாவது சொல்லிவிடச் சொன்னார். அம்மா தலையாட்டினார். குளிசையால் கொஞ்சம் நித்திரை வந்தது. வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். மாமி கொடுத்துவிட்ட மோதகத்தைக் கோழிக்குப் போட்டேன், அவர் யன்னலடியில் நின்று பார்க்கும்படியாகவே. அந்த வீட்டில் ஒரு சாவு விழட்டும் என்று காத்திருந்தேன். நல்ல நினைப்பில்லைதான். ஆனாலும் நினைத்தேன். செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதைவிடப் பெரிய தண்டனை எங்கள் ஊரில் இல்லை.

போன வருடம் மாமியின் புருசன், எங்கள் மாமா, நெஞ்சுவலியில் போனார். இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அங்கே மிதிப்பதில்லை என்று சொல்லத்தான் அறைக்குள் போனேன். அம்மா சேலை மாற்றி முடித்திருந்தார்.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவீட்டுக்குள் நுழைகிற உறவுக்காரி, பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்வாள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுவரை ஒவ்வொரு நாளும் போய்ச் சொல்லலாம். அந்த ஒப்பாரிக்குள் எந்தப் பழைய கணக்கையும் வைத்து அழலாம். இடையில் மறிக்கவோ பிறகு கேட்கவோ ஒருவருக்கும் உரிமையில்லை. வாழ்நாள் முழுக்க "வாங்கோ, போங்கோ" என்று மரியாதையாகக் கதைத்த அம்மா, மாமியின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்:

"பூட்டின பெட்டியிலை போனாரே என்ரை ராசா
பொத்தடி வாயையெண்டு சொன்னியே மச்சாளே
ஊர்ச்சாவுக் கெல்லாம் ஒப்பாரி சொன்னவாய்
உன்ரை அண்ணை சாவிலை ஊமையாய்ப் போனதென்ன..."

வெளியே கதிரைகளில் இருந்த ஆம்பிளைகளின் கதை நின்றது. மாமி கழுத்தை விடுவிக்கப் பார்த்தார். விலக முடியாது, அம்மாவின் பிடி அப்படி. மாமியின் முகத்தைப் பார்க்க நான் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனேன். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. என் வயிறு குளிர்ந்தது. அம்மாவுக்குக் கண்ணீர் வழிந்து சட்டை நனைந்தது. குரல் கம்மிப்போகும்வரை விடவில்லை. கடைசியில் மாமியும் "அண்ணை, அண்ணை" என்று கதறினார். பக்கத்தில் கிடந்த புருசனை ஒரு கணம் மறந்துதான் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மா கிணற்றடியில் குளித்தார். கோப்பை நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டார். குளிசை போடாமல் படுத்துக் குறட்டை விட்டார். எனக்கு அதுவே போதும், மாமியோடு இனி ஒரு கொடுக்கல்வாங்கலும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் அம்மா செத்தவீட்டுக்கென்று இடியப்பம் அவித்து முடித்து, தலையும் சீவி இழுத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டதே, இனியும் ஏன் அந்த வீட்டுக்கு என்று கேட்டேன்.

அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டார்.

"எட்டுச் செலவு வரைக்கும் போகோணும் பிள்ளை. இன்னும் கிடக்கு."