பதினேழு பத்து

என் தங்கைக்கு அவள் கணவர் எழுதிய கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துக் காட்டினேன். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எண்கள் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அப்பாவிடம் கொடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறித் தென்னூரில் இருந்த என் வீட்டுக்கு வருவாள். கடிதம் ரவிக்கைக்குள் இருக்கும்.

அவர் பட்டாளத்தில் ஹவில்தார். கடிதத்தின் தலைப்பிலேயே தேதியும் நேரமும் போட்டிருக்கும். '12 பிப், 2040' என்கிற மாதிரி. புள்ளி கிடையாது, காலை மாலை கிடையாது.

"இருபது நாப்பதுன்னா எத்தனை மணிக்கா?"

"பன்னெண்டைக் கழிச்சா எட்டு. ராத்திரி எட்டே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

உடனே அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிப்பாள். "அப்பத்தான்க்கா நான் தோசைக்கு அரைச்சுக்கிட்டிருந்தேன்!" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். நல்லவர். நாளெல்லாம் வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, வீட்டில் பேச மிச்சமில்லாமல் வருவார். எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவையும் இருந்ததில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நான், படிக்காத தங்கைக்கு வந்த 'என் கண்ணே'யை உரக்கப் படித்தேன். பதிலையும் நானே எழுதினேன். மேலே தேதியும் நேரமும் அவர் போடுகிற மாதிரியே போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாள். '1515' என்று நான் எழுதுவதை, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

ஒரு மே மாதம் கார்டு வந்தது. வடக்கே மாற்றல். போகிற வழியில் பத்தொன்பதாம் தேதி 1710க்கு வண்டி திருச்சி ஜங்ஷனுக்கு வரும், முக்கால் மணி நேரம் நிற்கும், வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று எழுதியிருந்தார்.

"பதினேழு பத்துன்னா எத்தனை மணிக்கா?"

"ஏழு பத்து" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் திருத்துவதற்கு நான்கு நாட்கள் இருந்தன. நான் திருத்தவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அவள் மாம்பழ நிறச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, தூக்கில் அதிரசத்தோடு வந்தாள். அப்போதாவது சொல்லியிருந்தால், குதிரை வண்டி பிடித்தாவது கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். "இரு, காபி போடறேன்" என்றேன்.

ஆறே முக்காலுக்கு நாங்கள் போனபோது பிளாட்பாரம் காலியாக இருந்தது. டீக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பட்டாளத்துக்காரர் வீட்டம்மாவா நீங்க? முக்கா மணி நேரம் இந்தத் தூணுகிட்டயே நின்னாருங்க. இதைக் கொடுக்கச் சொன்னாரு."

சிகரெட் அட்டையைக் கிழித்து, பென்சிலால் எழுதிய துண்டு. வழக்கம்போல அதை என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன்.

"19 மே, 1752. வண்டி கிளம்பப் போகிறது. நீ வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயமாயிருக்கிறது."

இந்த முறை அவள் எத்தனை மணி என்று கேட்கவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். தூக்கை டீக்கடைக்காரரிடம் கொடுத்து, "நீங்க சாப்பிடுங்க" என்றாள். "தப்பாப் படிச்சுட்டேன்டி" என்றேன். "சரிக்கா" என்றாள்.

அதன்பிறகு கடிதங்கள் என்னிடம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஹைஸ்கூல் பெண்ணிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

அடுத்த வருஷம் லீவில் வந்தவர் அவளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "என் மேலதான் தப்பு அண்ணி. வீட்டுக்கு எழுதறப்ப பட்டாளத்துக் கணக்குல எழுதியிருக்கக் கூடாது. இப்பல்லாம் சாயங்காலம் அஞ்சு மணின்னே எழுதறேன்" என்றார். பேசிக்கொண்டே அவள் தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டார். வெட்கம் அப்புறம்தான் வந்தது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

அடுக்களையில் அவளிடம் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சேதான்டி சொன்னேன்."

"தெரியும். அன்னிக்குத் திரும்பி வர்றப்ப பஸ்லயே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. அப்புறம் நான்ல உன்னைத் தேத்தணும்." காபி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பில்லைக்கா."

எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை. பண்டிகைக்கு வருவாள், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவாள். ஆனால் அவர் என்ன எழுதினார் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்கிற உரிமை எனக்கும் இல்லை.