கம்மியாக வந்த எண்

கசங்கிவிடக் கூடாதென்று அந்தச் சோதனைத் தாளை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் லேபில், நானே ரத்தம் எடுத்து, நானே மெஷினில் ஏற்றிப் பார்த்தது. இதயம் திணறும்போது அதன் தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளக்கும் சோதனை. என் மாமியாருக்கு அது எல்லைக்குள்தான் இருந்தது. கச்சிராயபாளையத்தில் இறங்கும்வரை, ஏதோ வழக்கில் ஜெயித்ததுபோல இருந்தது எனக்கு. இதை எழுதவே கூசுகிறது.

அத்தைக்குக் கனத்த உடம்பு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருஷமாக உண்டு. குத்தகைக் கரும்புக் கொல்லையில் ஆட்களுக்குச் சமமாக வேலை செய்தவர், அந்த வருஷம் வரப்பில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் நின்றுவிடுவார். தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைப்பார். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அவருக்கு மூச்சு வாங்குவதாக எனக்குப் பட்டது. மருமகள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. எக்கோ எடுத்தபோது இதயம் நன்றாகவே சுருங்குகிறது என்றார்கள். ரத்தச் சோதனையும் செய்து, எப்படி வந்தாலும் கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். நான் காட்டவில்லை.

“இன்னாம்மா வந்துக்குது?” என்று அடுப்படியிலிருந்து கேட்டார் அத்தை.

“ஒண்ணுமே இல்லீங்க அத்த. ஒடம்பக் கொறைங்க, நல்லா நடங்க, போதும். ரத்தமே சொல்லுது.” என் கணவர் காதில் விழட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

“மூச்சு வாங்கிக்கினே இருக்குதேம்மா” என்றார். நான் கைப்பையை மூடி ஆணியில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் மூச்சைப் பற்றிப் பேசவே இல்லை. நான் சொன்னபடி தினமும் காலையில் வாய்க்கால் வரைக்கும் நடந்தார். கால் வீங்கியதைப் புடவையால் மறைத்திருக்கிறார். ஒரு நாள் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேலம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

அங்கிருந்த இதய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “சுருங்குறது நல்லாத்தான் இருக்கு. தசை வெறைச்சுப்போச்சு, விரிய மாட்டேங்குது. உள்ள வர ரத்தத்துக்கு எடம் இல்லாம, நுரையீரல்ல நீர் கோத்துக்குது.” ரத்தச் சோதனையில் வந்த எண்ணைச் சொன்னேன். “ஒடம்பு பருமனா இருக்கறவங்களுக்கு அது கம்மியாத்தான் காட்டும். அத மட்டும் வெச்சி முடிவு பண்ணக் கூடாதும்மா.” லேபில் இத்தனை வருஷம் இருந்தும் அது எனக்குத் தெரியாது. தெரியாததுகூடப் பெரிதில்லை. அத்தை பொய் சொல்வதாக நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் கட்டிலோரம் நின்று அழுதேன். முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜனை அத்தை கையால் விலக்கி, விட்டுவிட்டுப் பேசினார். “மெஷினு பொய் சொல்லல. நீயும் சொல்லல... நானும் சொல்லலம்மா.”

அதன்பின் இரண்டு நாள்தான் இருந்தார்.

அம்மாவுக்கு என்ன இருந்தது என்று இப்போதும் யாராவது கேட்டால், “எல்லா டெஸ்ட்டும் நல்லாத்தான் வந்துது, அப்படி இருந்தும் போய்ட்டாங்க” என்கிறார் என் கணவர். அந்தத் தாளை நான் டாக்டரிடம் காட்டவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.