புகைக்கு ஓர் உதாரணம்

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் கடைக்காரர் ஒருவரின் மகன். ஆங்கில வகுப்பில் 'எமிட்' என்ற சொல்லை வாத்தியார் விளக்கினார். விளக்கு ஒளியை, அடுப்பு வெப்பத்தை, தேயிலை ஆலை புகையை வெளிவிடுவதற்கு அந்தச் சொல்தானாம். இன்னொரு வாக்கியம் கேட்டார். நான் எழுந்து, தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வரும் செல்லம்மாவைக் காட்டி, "செல்லம்மா எமிட்ஸ் ஸ்மோக்" என்றேன். அவள் உடுப்பில் எப்போதும் விறகுப்புகை வாடை. வகுப்பே சிரித்தது, வாத்தியாரும்தான்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து, உறுத்தல் தாளாமல், மழையில் நனைந்தபடி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். வீடே ஒற்றை அறைக் காம்பரா, படுக்கையும் அடுப்பும் அதற்குள்ளேயே. புகை வெளியேற ஒரு துளைகூட இல்லை. ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்தார்.

"பள்ளிக்கூடம் வேணாமுன்னு அவளே சொல்லிட்டா தம்பி. கொழுந்தெடுக்கப் பேரு பதிஞ்சாச்சு."

காரணத்தை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

செல்லம்மா செம்பில் தண்ணீர் நீட்டினாள். "குடிங்க. ஒங்களுக்குப் பழக்கமில்லல்ல."

குடித்தேன். சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டு மலையிறங்கினேன். இந்த வயதிலும் அது உள்ளேதான் கிடக்கிறது.