உள்பக்கம் திருப்பிய எண்

என் கெப் வண்டிக்கு நான்கு டயர் மாற்றிய நாளைப் பற்றி நாட்குறிப்பில் ஐந்து வரி எழுதியிருக்கிறேன். நான்காவது வரி: "எண்கள் உள்பக்கம். பார்க்கவில்லை." இப்போது அதைப் படித்தாலும் முதலில் என் மேல்தான் கோபம் வருகிறது.

ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து எட்டுப் பிள்ளைகளைப் பதுளைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் விடுவது என் வேலை. முதலில் மூன்று கிலோமீட்டர் மண் ரோடு, பிறகு தார். காலையில் மூடுபனி, பிற்பகலில் மழை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்கறி ஏற்றிக்கொண்டு பெரகல வளைவுகளில் கீழே இறங்கினால் வெயில் கொளுத்தும். சேற்றுக்கென்று செய்த, ஆழமான வெட்டுள்ள பெரிய பூ டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும், நனைந்த தாரில் வழுக்கும். தார் ரோட்டு டயரோ தோட்டத்து ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும். எல்லாக் காலத்துக்கும் ஆகிற ஒன்று, என் சக்திக்கு உட்பட்ட விலையில் வேண்டும். இரண்டு வாரம் நான்கு கடைகள் ஏறி இறங்கி எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கடைசியில் எழுதிய கொப்பியை மூடிவிட்டு, என் நண்பன் வேலை செய்யும் கடைக்குப் போனேன்.

நாங்கள் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அவன் மகளும் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. முன் சீட்டில் என் பக்கத்தில் உட்காருவாள்.

"கொப்பியத் தூக்கிட்டு இன்னும் எத்தன கடைக்கு அலையப் போற? பொண்ணு பாக்கக்கூட நீ இவ்வளவு நாள் எடுக்கலியேடா," என்றான்.

"அது என் ஒருத்தன் பாடு. இதுல எட்டுப் புள்ளைங்க ஏறுது."

"அதுல ஒன்னு என் புள்ளடா. மோசமானதக் குடுப்பேனா?"

நான்கையும் பூட்டச் சொன்னேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஒரு பக்கத்தில் மட்டும்தான் அது இருக்கும். அவன் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு வந்து நான் குனிந்தபோது நான்கு சக்கரமும் பூட்டியாகிவிட்டது.

"நம்பர் எங்க?"

"உள்பக்கம் போயிருச்சு மச்சான். திரும்பக் கழட்டவா? எல்லாம் புது மால்தான்."

கழற்றச் சொன்னால் அவனைச் சந்தேகப்படுவதாக ஆகும். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை அவன் மகள் வரவில்லை. போன் செய்தேன்.

"கூட்டாளிங்களோட பஸ்ஸுலதான் போவேன்னு அடம் பிடிக்கிறா மச்சான். கொஞ்ச நாளைக்குப் போகட்டும்."

"ஏழு பேர்" என்று எழுதினேன். பள்ளிக்கூடம் இருந்த ஒன்பது நாளும் அப்படியே எழுதினேன்.

பத்தாம் நாள் காலையிலேயே மழை. ஹாலிஎலவுக்கு இறங்கும் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் தன்பாட்டில் திரும்பியது. ரோட்டோரக் கல்கட்டில் உரசி நின்றது. கட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்திருந்தது. எல்லோரிலும் சின்னவன், "மாமா, இன்னொருக்கா!" என்று கை தட்டினான். நான் இறங்கிப் போய் எல்லோரையும் எண்ணினேன்.

அன்று பிற்பகலே ஒரு சக்கரத்தைக் கழற்றிப் புரட்டி, சேற்றைத் துடைத்து எண்ணைப் படித்தேன். பத்து வருடப் பழைய டயர். ஓடாமல் கடையிலேயே கிடந்ததால் பூ தேயவில்லை. ரப்பர் மட்டும் நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருந்தது. மற்ற மூன்றும் அப்படித்தான். கை தவறி ஒன்று உள்பக்கம் போகலாம். நான்கு போகாது.

நாட்குறிப்பைப் புரட்டியபோதுதான் மற்றதும் தெரிந்தது. டயர் மாற்றியது சனிக்கிழமை. அவன் மகள் வராமல் நின்றது திங்கட்கிழமை. இரண்டையும் ஒரே பக்கத்தில் என் கையால்தான் எழுதியிருந்தேன்.

வேறொரு கடையில், எண்ணைப் பார்த்த பிறகே பூட்டச் சொல்லி, நான்கு டயர் போட்டேன். பழைய நான்கையும் ஏற்றிக்கொண்டு போய் அவன் கடை வாசலில் எண் மேலே தெரிய வரிசையாக வைத்தேன். அவன் குனிந்து பார்க்கவில்லை.

"மொதலாளி பழைய ஸ்டாக்கத் தள்ளச் சொன்னாரு," என்றான் மெதுவாக. "வேற எவனுக்கும் குடுத்தா பறந்து ஓட்டுவான். நீ நிதானமா ஓட்டுவேன்னு தெரியும் மச்சான்."

"அப்ப ஒன் மகள ஏன் எறக்குன?"

காற்றடிக்கும் மெஷினை நிறுத்தப் போகிறவன்போல் திரும்பினான். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவன் மகள் பழைய இடத்தில் பையோடு நின்றாள்.

"அப்பா இனிமே மாமா வண்டியிலயே போகச் சொன்னாரு."

"பஸ்ஸு பிடிக்கலியாம்மா?"

"எனக்கு எப்பவுமே பிடிக்காது மாமா. அப்பாதான் போகச் சொன்னாரு."

கதவைத் திறந்துவிட்டேன். முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அன்று "எட்டுப் பேர்" என்று எழுதினேன்.

அவன் நம்பரை நான் போனிலிருந்து அழிக்கவில்லை. பிள்ளை வராத நாளில் ஏன் என்று கேட்க அது வேண்டும். வேறு எதற்கும் அழைப்பதில்லை.