மஞ்சள் மல்லிக்குக் கவாத்து

போன வாரம் கறிவேப்பிலைக் கன்று வாங்கச் சிதம்பரத்தில் ஒரு நர்சரிக்குப் போனேன். மூலைத் தொட்டியில், பெயர்ச்சீட்டோடு, மஞ்சள் மல்லி பூத்திருந்தது. நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். பூவைப் பார்த்துப் பயப்படுவார்களா என்று சிரிக்காதீர்கள்.

தானே புயல் அடித்ததற்கு முந்தைய வருஷத்து மார்கழி. கடலூரில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்து, சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டீச்சரின் ஒரே மகள் எஸ்தர், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு சேலம் போனவள். போகும்போது, தான் நட்ட மஞ்சள் மல்லியைக் காட்டி, "இது பூத்தா சொல்லு, வரேன்" என்றாளாம். கோபத்தில் சொன்னது. டீச்சர் அதையே பிடித்துக்கொண்டார். வேப்பம் புண்ணாக்கு, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். செடி வேலி முழுக்கப் படர்ந்ததே தவிர, நாலு வருஷமாகப் பூக்கவில்லை.

நான் காட்டுமன்னார்கோயில் பக்கம் மல்லி பயிரிட்ட குடும்பம். மல்லியை மார்கழியில் வெட்டிவிட்டால்தான் மாசியில் பூக்கும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, பெரிய விவசாயி மாதிரி அரிவாளை எடுத்து முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணிவிட்டேன். கொடிகளைக் கூட்டி அள்ளும்போதுதான் பார்த்தேன். கணுவுக்குக் கணு மொட்டு.

இந்தச் செடி, எங்கள் மல்லி மாதிரி புதுத் தளிரில் இல்லை, பழைய கொடியில்தான் பூக்குமாம். யார் கண்டது!

டீச்சர் கேட்டைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "காலையில பாத்தேன், மொட்டு வுட்டிருக்கு! சர்ச்சு வாசல்லயே எஸ்தருக்கு போன் போட்டுட்டேன். பொங்கலுக்கு வராளாம்."

நான் கொடிகளைக் காட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு கொடியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவகிட்ட சொல்லிடாத" என்றார்.

பொங்கலும் வந்தது. எஸ்தர் வந்தாள். கேட்டருகில் நின்று மொட்டையாய் நின்ற செடியைப் பார்த்தாள், பையைக் கீழே வைக்கவில்லை.

"பூ எங்கம்மா?"

"நான்தாங்க..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் என்னைக் கையால் தடுத்தார்.

"பூ இருந்தாதான் உள்ள வருவியாடி?"

எஸ்தர் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த மார்கழியில் செடி மறுபடி மொட்டு விட்டது. நான் அதன் பக்கமே போகவில்லை. புயல் வேலியோடு அதைப் பிடுங்கிப்போட்டது. போனும் இல்லை, கரண்டும் இல்லை. மூன்றாம் நாள் எஸ்தர், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்தாள். செடி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "எம்மா! எம்மா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

டீச்சரைக் கையோடு சேலத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். அந்த வீடும் இப்போது இல்லை. நாலு மாடி நிற்கிறது. அந்தச் செடியின் பூ எப்படி இருக்கும் என்று அந்த நர்சரியில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வாசனையே இல்லை.