மூலைக்கு ஒரு பொட்டு

மலையாள நாட்டில், சாலை என்கிற கடைவீதியில் எங்கள் பலசரக்குக் கடை. அண்ணனும் நானும் அதில் பங்குதாரர்கள். உளுந்து, வற்றல் மிளகாய், மல்லி, புளி இவைதாம் வியாபாரம். சாக்குக்குள் கையை விட்டு அளைந்தே அது எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவான் அண்ணன். அப்படிப்பட்டவனைக் கையில் அகப்படாத பணத்தை நம்பச் சொன்னால் நம்புவானா? ஸ்கேன் செய்கிற பலகையையும், பணம் வந்ததும் கூவிச் சொல்லும் பெட்டியையும் நான் கொண்டுவந்து வைத்த முதல் மாதம் முழுக்க, பாஸ்புக்கை இடுக்கிக்கொண்டு தினமும் மூன்று மணிக்கு வங்கிக்கு நடந்தான். கடைசியில் அங்கிருந்த அம்மணி ஒருத்தி, “பெட்டி கள்ளம் சொல்லாது சாரே, வீட்டுல போய் உறங்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு பெட்டி சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. மலையாளத்தில் பேசும் அந்தப் பெண்குரலுக்குப் ‘பெட்டிக்காரி’ என்று பெயரும் வைத்தான். நான் சொல்வதைக்கூட அவளிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வான்போல் இருந்தது.

போணி விஷயம்தான் அவனை உறுத்தியது. அன்றைய முதல் விற்பனை ராசியான கையால் நடக்கவேண்டும், அதில் கடன் கூடாது என்பது எங்கள் வீதி வழக்கம். எங்களுக்குப் போணி செய்கிறவர் கிழக்கேகோட்டையில் நாலு மேசை போட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒரு மலையாளத்துச் சேச்சி. பதினைந்து வருடமாகக் காலை ஏழரைக்கு வருவார். அவர் கை பட்ட நாளில் சரக்கு தங்காது என்பது அண்ணனின் நம்பிக்கை. அவர் தரும் நோட்டைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவான். அந்தச் சேச்சியும் போனுக்கு மாறிவிட்டார். ஒற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள் தவித்தவன், மூன்றாம் நாள் பெட்டியையே தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்தவனுக்கு ஆயுத பூஜையன்று வந்தது வினை. தராசு, கல்லா, கோணி ஊசி, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. கடைசியாக ஸ்கேன் பலகை. அதன் மூன்று மூலைகளில் கட்டம் கட்டி, நடுவில் கறுப்பாக ஒரு சதுரம். பொட்டு வைப்பதற்கென்றே அச்சடித்ததுபோல் இருந்தது. சந்தனத்தை அள்ளி மூன்றிலும் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். நாலாவது மூலையில் கட்டம் இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். பலகையைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி, காலை பூஜையெடுப்பு. வருடத்திலேயே முக்கியமான போணி அன்றைக்குத்தான். சேச்சி நெற்றியில் சந்தனக்கீற்றோடு வந்தார். உளுந்து, மிளகாய், புளி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று முப்பது ரூபாய். போனைப் பலகைக்கு நேரே பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கிட்டக் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பிடித்தார். பெட்டிக்காரி வாயே திறக்கவில்லை. அண்ணனின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

“காசு நாள தரட்டா?” என்றார் சேச்சி.

“போணில கடன் ஆகாதுல்லா சேச்சி,” என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு முன்கோபம் அதிகம். நான் கொண்டுவந்து வைத்த சாமான் நல்ல நாளும் அதுவுமாக மானத்தை வாங்குகிறதே என்ற எரிச்சலில் வாயை விட்டேன்.

“நம்ம பலகைல ஒரு கோளாறும் கிடையாது. அக்கவுண்ட்ல காசு கிடக்கான்னு முதல்ல பாருங்க சேச்சி.”

வீதியே கேட்கும்படி சொன்னேன். சேச்சி என்னை ஒருமுறை பார்த்தார். கட்டிவைத்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பதினைந்து வருடத்தில் அவர் வெறுங்கையோடு போனது அன்றைக்குத்தான்.

“என்னலே சொல்லிப்போட்ட?” என்றான் அண்ணன்.

நான் சொன்னது சரிதான் என்று காட்ட என் போனை எடுத்துப் பலகைக்கு நேரே பிடித்தேன். அதுவும் முழித்தது. அண்ணனின் போனும் முழித்தது. போனில் சாப்பாடுகூட வரவழைக்கத் தெரியாத அண்ணன், பலகையைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான்.

“சந்தனக்காப்பு சாத்தினாலும் சாமிக்குக் கண்ண விட்டுத்தான சாத்துவா? நீ இதுக்கு மூணு கண்ணையும் அடைச்சு வச்சிருக்க. பின்னே அது எப்படிப் பாக்கும்?”

ஈரத்துணியால் துடைத்தேன். போனைக் காட்டினேன். உடனே எடுத்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாயிருக்கும்.

அதற்குள் கடைமுன் நாலைந்து வாடிக்கைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் ஒருவருக்கும் சரக்கு போடவில்லை. “போணி ஆகல்ல, கொஞ்சம் பொறுங்க,” என்றான். என்னிடம் பொட்டலங்களையும் பலகையையும் தூக்கிக் கொடுத்து, “அவ கையால ஆகாம இன்னைக்குக் கடை திறந்த கணக்கில்ல. போய்க் கால்ல விழுவியோ என்ன செய்வியோ,” என்றான்.

ஒரு கையில் பொட்டலம், மார்போடு அணைத்த பலகை, அதன் மூலைகளில் இன்னும் போகாத குங்குமக்கறை. அப்படியே கிழக்கேகோட்டைக்கு நடந்தேன். தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், “சாமி எங்கயாக்கும் எழுந்தருளுது?” என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன்.

சேச்சி அடுப்பருகில் வடைமாவில் கை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடந்த கூத்தை ஒளிக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் போனுடையது அல்ல என்றேன். மன்னிக்கச் சொன்னேன்.

“ஓ, அது போட்டே, விடு,” என்றார் என்னைப் பார்க்காமல். கல்லாவில் இருந்த மகளிடம், “மோளே, இவருக்குள்ள காசு அனுப்பிக் கொடு,” என்றார்.

“மக வேண்டா. உங்க கைதான் வேணும்,” என்றேன். “அண்ணன் இன்னும் யாருக்கும் ஒரு மிளகாகூட விக்கல்ல சேச்சி. ஆளுக காத்துக் கிடக்கா.”

“மணி எத்ர ஆச்சு?”

“ஒம்பதரை.”

வடைமாவில் இருந்த கை நின்றுவிட்டது. “அப்போ எண்ட காசு அல்ல, எண்ட கையாணோ வேண்டியது?” என்று கேட்டார். கேட்கும்போதே குரல் உடைந்து, உடனே சிரிப்பும் வந்துவிட்டது. எழுந்து கையைக் கழுவி, முண்டுத் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். போனைத் திறந்தவர் பலகைக்குக் காட்டுமுன், வங்கியில் கிடக்கும் தொகையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நல்லா பாரு. காசு கிடக்கா?”

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாய் வந்தன. சேச்சி பலகைக்குப் போனைக் காட்டி, ஒவ்வொரு எண்ணாகப் பெருவிரலால் அழுத்தினார். அங்கே பெட்டி இல்லை. பெட்டி சாலைக் கடையில் அல்லவா இருக்கிறது. சூடாக இரண்டு வடையைப் பொதிந்து அண்ணனுக்கென்று தந்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை.

நான் திரும்பியபோது கடையில் நெரிசல். பலகைகூட இல்லாத கடையில் திடீரென்று பெட்டிக்காரி ஆயிரத்து நூற்று முப்பது என்று கூவியதாகவும், அண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகவும், காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டியதாகவும் சொன்னார்கள். அண்ணன் மும்முரமாக உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தான். வடையைக் கொடுத்தேன். வாங்காமல் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

“யார் அனுப்பினா? அவளா, மகளா?”

“சேச்சிதான்.”

“எந்தக் கை?”

“வலது கை. பெருவிரல்.”

“கண்ணால பாத்தியா?”

“பாத்தேன் அண்ணே.”

அண்ணன் தராசை விட்டுவிட்டு வடையை வாங்கிக்கொண்டான். “அப்ப சரி,” என்றான். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.