மூன்று பேருக்கு வெட்டிய பீட்சா

எங்கள் அடுக்ககத்தில் தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடிக்கு லிஃப்ட் போக இருபத்தாறு விநாடி ஆகும். நேற்று முன்தினம் சாயங்காலம் அந்த லிஃப்டில் முதுகில் பெரிய சதுரப் பை மாட்டிய ஒருவரோடு ஏறினேன். பையின் ஓரத்திலிருந்து சூடான அட்டை வாசனை. அதற்கு அடியில் கருகிய சீஸ், ஓரிகானோ. அவர் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார். வாசனை இறங்கவில்லை, என்னோடு மேலே வந்தது. நான்காவது மாடியில் கதவு திறந்தும் இறங்காமல் நின்றுவிட்டேன். எழுபத்து நாலு வயதில் அப்படி நிற்கக் காரணம் வேண்டாம்தான். ஆனால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களிடம் சொல்லலாம், வீட்டில் சொல்ல முடியாது.

ஆறு வருஷத்துக்கு முன்பு, ஆவடி பக்கம் சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த தெரு முனையில், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ராணி பீட்சா என்று ஒரு கடை இருந்தது. நான்கு மேசை, பதினைந்து நாற்காலி. பதினாறு வந்திருக்க வேண்டும். கடைசி மேசையின் ஒரு பக்கம் தூண் இருந்ததால் அங்கே மூன்றுதான் போட முடிந்தது. நடத்தியவர் ஏகாம்பரம். திருமழிசையில் ஒரு பேக்கரியில் பதினெட்டு வருஷம் ரொட்டி சுட்டவர். பரிமாறியது அவர் மனைவி ராணி.

பீட்சா எப்படி இருக்கும் என்று கேட்டால், அடிப்பக்கம் பன், மேல்பக்கம் பீட்சா. தக்காளிச் சாந்து கொஞ்சம் இனிக்கும். ஏகாம்பரம் வெங்காயத்தையும் குடைமிளகாயையும் தாராளமாகத் தூவுவார்; சீஸுக்கு வரும்போது மட்டும் கை நடுங்கும். புது ஃபிளாட்டுகளிலிருந்து வரும் ஐ.டி. பிள்ளைகள் ஓரம் தடிமனாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள். "ஓரம் புடிக்கலன்னா நடுவுல மட்டும் துன்னு நைனா, ஓரத்த நான் துன்னுக்கிறேன்" என்பார். என் குறை வேறு. ஆர்டர் சொன்னதிலிருந்து தட்டு மேசைக்கு வர இருபத்திரண்டு நிமிஷம். கடிகாரத்தைக் காட்டி ராணியிடம் சொன்னேன். மாவு யார் பேச்சையும் கேட்காது, அது எழும்பும்போதுதான் எழும்பும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மற்ற இடங்களில் யார் வந்தாலும் எட்டுத் துண்டு. ஏகாம்பரம் அடுப்படியின் சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேசையில் எத்தனை தலை என்று எண்ணி, அதற்குத் தகுந்தபடி வெட்டுவார். இரண்டு பேருக்கு எட்டு, மூன்று பேருக்கு ஒன்பது, ஐந்து பேருக்குப் பத்து. கடை திறந்த புதிதில் ஒரு குடும்பத்து ஐந்து பேர் எட்டுத் துண்டுக்காக அங்கேயே சண்டை போட்டுக்கொண்டார்களாம். அதிலிருந்து இப்படி. எனக்கு அவரை அதனாலேயே பிடித்திருந்தது. நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவன். போல்ட், நட், வாஷர் எல்லாம் என் கை வழியாக எண்ணப்பட்டுத்தான் உள்ளே போகும். வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்காது. எண்ணும்போது ஆள்காட்டி விரல் மேசைமேல் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது தெரியாது, பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி மங்கையின் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவர். முப்பத்தோரு வருஷம் சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தார். பேச்சு குறைவு. பல் எல்லாம் சீக்கிரமே விழுந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து போய் நூலால் கட்டியிருப்பார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், "இன்னைக்கு மொத்தம் பதினாலு தோசை" என்று நான் சொல்வேன். கஞ்சத்தனத்தில் சொன்னதில்லை, வெறும் பழக்கம். யார் எத்தனை என்று பிரித்துச் சொன்னதுகூட இல்லை. தனம் எப்போதும் இரண்டோடு எழுந்துவிடுவார். அவருக்குச் சின்ன வயிறு என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி தனம் தூக்கத்திலேயே போய்விட்டார். உடம்பில் சத்தே இல்லை என்றார் டாக்டர். அதன் பிறகு மங்கை சாப்பிடுவதை விட்டுவிட்டாள். காலையில் ஒரு இட்லி, ராத்திரி அரை டம்ளர் கஞ்சி. நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தாள். இப்படியே போனால் இவங்களையும் காப்பாத்த முடியாது என்று ஆவடியில் அதே டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்று அங்கிருந்து திரும்பும்போதுதான் மங்கை ராணி பீட்சா வாசலில் நின்றாள். சனிக்கிழமை, மணி ஐந்து பத்து. "அக்கா இதை ஒரு தடவ சாப்பிட்டுப் பாக்கணும்னு சொன்னா. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. டி.வி.யில் சீஸ் நூலாக நீளுவதைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று தனம் கேட்டார். அவராக எதையாவது கேட்டது அபூர்வம். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எட்டுத் துண்டு இருக்கும். மூணு பேருக்குப் பிரியாது" என்றேன். அப்போது அது எனக்குச் சரியான பதிலாகவே பட்டது.

தூண் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். ராணி தண்ணீர் வைத்தார். மூன்று டம்ளர். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துத் தட்டு வந்தது. என் விரல் தானாகத் தட்டிற்று. ஒன்பது துண்டு.

இரண்டு பேர்தானே என்றேன். ராணி காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். மங்கை அதற்குள் ஒரு துண்டை எடுத்துவிட்டாள். மூன்று தின்றாள். நான்கு மாதத்தில் அவள் அப்படித் தின்று நான் பார்க்கவில்லை. நானும் மூன்று தின்றேன். மூன்று மிச்சம்.

அடுத்த சனிக்கிழமையும் ஒன்பது. மூன்று நாற்காலி இருப்பதால் குழம்புகிறார்கள் என்று கணக்குப் போட்டு, ராணியிடம் சொல்லி ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்துச் சுவரோரம் வைத்தார். நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம் நாங்கள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் இருக்கும், அவரே அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மங்கையின் பக்கத்தில் போட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரம் சார் அந்தம்மா நின்னுகினே இருக்கும்?"

கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நல்ல வெயில். மங்கை அந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள். யாராவது அதில் உட்கார்ந்தால் தோளில் படும் உயரத்தில்.

நான்காவது வாரமும் மூன்று துண்டு மிச்சம். திங்கட்கிழமை மங்கைக்குத் தெரியாமல் கடைக்குப் போனேன். பகல் பதினொன்றரை. மாவு பிசைந்துகொண்டிருந்த ஏகாம்பரத்திடம், என் மனைவி உடம்பு சரியில்லாதவள், இந்த விளையாட்டு வேண்டாம் என்றேன். இனி எங்களுக்கு எட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த மாவை வழித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "நான் தலைய எண்ணிதான் சார் வெட்றேன். பச்ச பொடவ, கண்ணாடில நூல் கட்டிகினு கீது. உங்க ஊட்டு ஆளுன்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் மாவை உருட்டினார். பிறகு, "நாலு வாட்டி வந்துச்சு, ஒரு துண்டுகூட எடுக்கல. நீங்க வெரல தட்டி எண்ணிகினே கீறீங்களா, அதான் பயப்படுதோ இன்னாவோ" என்றார்.

சேக்காட்டில் தனத்தைத் தெரிந்தவர்கள் பதினோரு பேர். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கடைக்கு வருபவர் இல்லை. யாராவது அடையாளம் சொல்லியிருப்பார்களோ என்று, நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். வீட்டு வாசலை அடையும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எட்டுத் துண்டு வந்தது. இரண்டு டம்ளர். ஏகாம்பரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். மங்கை தட்டைப் பார்த்தாள். எண்ணியிருக்க வேண்டும், என்னோடு நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவள் அல்லவா. பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "எழுந்திரி அக்கா, போலாம்" என்றாள். ஒரு துண்டும் தொடவில்லை. தெருவில் எனக்கு முன்னால் நடந்தாள், இடது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, யாரோ பிடித்திருப்பதைப் போல. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. புதன்கிழமை நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சமையலறைக்குப் போனேன். ஒட்டியிருந்த அறை பூட்டிக் கிடந்தது. பயமாகத்தான் இருந்தது. அதுவரை தனம் வந்துவிடுவாரோ என்று பயந்தேன், அன்று வராமல் போய்விடுவாரோ என்று.

சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்றே ஆட்டோ வைத்து மங்கையைக் கூட்டிப் போனேன். ஜன்னல் பக்கம் போய், "மூணு பேர்" என்று நானே சொன்னேன். ஏகாம்பரம் தலையை ஆட்டினார். தட்டு வந்ததும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். போகிற வண்டிகளைக்கூட எண்ணவில்லை. ரொம்பக் கஷ்டமான காரியம். பின்னால் மங்கை மெல்லும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சத்தம் கேட்டதாகத் தோன்றிற்று. பல் இல்லாதவர்கள் ஓரத்தை ஊற வைத்துத் தின்னும் மெதுவான சத்தம். திரும்பவில்லை.

"போலாமா" என்றாள் மங்கை. ராணி தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதில் எத்தனை மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை யாரும் சொல்லாமலே எட்டுத் துண்டு வந்தது. ராணி மூன்றாவது நாற்காலியைத் தூக்கி வேறு மேசைக்குப் போட்டார். நான் பதறிப்போய், அவர் வரவில்லையா என்று கேட்டேன்.

"போன வாட்டியே வயிறு ரொம்பிச்சுன்னு சொல்லிகினு போச்சே சார் அந்தம்மா. உங்களாண்ட சொல்லலியா?"

மங்கை தலை நிமிராமல் அவள் பங்கு நான்கையும் தின்று முடித்தாள். அதற்குப் பிறகு வீட்டிலும் சாப்பிட ஆரம்பித்தாள். இன்றும் நன்றாகவே சாப்பிடுகிறாள். அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

மறு வருஷம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடை, ராணி பீட்சா மூன்றும் போய், அங்கே இப்போது ஐந்து மாடி நிற்கிறது. ஏகாம்பரம் வேலப்பன்சாவடியில் காலேஜ் பக்கம் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் பிடித்துப் போய் இரண்டு முறை தேடினேன். அப்படி ஒருவரை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அவரைத் தேடியது பீட்சாவுக்காக அல்ல. தனம் மறுபடி வந்தால் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த ஒருவரிடம், "இன்னொண்ணு போட்டுக்குங்க" என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.